முந்நூற்றுப் பன்னிரண்டாவது கொடி

எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் நம்பிக்கை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்டு முடித்ததும் கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் நினைப்பீர்கள். முப்பத்து நான்கு வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதியவன் நான். மீட்டரில் ஓடுகிற எண்ணை நம்புவேன், வீட்டுக்காரர் சொல்வதை நம்பமாட்டேன். சுடுகாட்டை ஒட்டிய வீடுகளுக்கும், பூட்டிக் கிடந்த பங்களாக்களுக்கும் தனியாகப் போயிருக்கிறேன். நாய் கடித்திருக்கிறது, நான்கு தடவை. பேய் ஒன்றும் செய்ததில்லை.

அந்த வேலை கொடுத்த வியாதி, எதைப் பார்த்தாலும் எண்ணுவது. பஸ்ஸில் ஏறினால் கம்பிகளை எண்ணுவேன். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தால் ஓடாமல் நிற்கிற மின்விசிறிகளை எண்ணுவேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பின்னால் ஒரு எண்ணிக்கை வரப்போகிறது. அதில் நான் தப்பு செய்திருப்பேன் என்று நீங்கள் நினைக்கக்கூடாது.

இன்னொன்று. இப்படிச் சொல்கிறவர்கள் எல்லோரும் நடுராத்திரி, நிலா இல்லை, நாய் ஊளையிட்டது என்றுதான் ஆரம்பிப்பார்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில், சுள்ளென்று வெயில் அடிக்கும்போது, பக்கத்துத் தோட்டத்தில் யாரோ செல்போனில் சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது. அதனால்தான் இத்தனை பயம். இருட்டில் பார்த்ததை இருட்டின் மேல் போட்டுவிடலாம். வெளிச்சத்தில் பார்த்ததை எதன் மேல் போடுவது?

என் தம்பி பெயர் சந்திரன். எனக்கு அவன் ஒருத்தன்தான். எனக்கு ஒன்பது வயது இளையவன். நான் படித்து தேனிக்கு உத்தியோகத்துக்குப் போனேன், அவன் காமயகவுண்டன்பட்டியிலேயே இருந்து திராட்சை போட்டான். அரை ஏக்கர், பன்னீர் திராட்சை, கல்தூண் நட்டு கம்பிப் பந்தல். முந்நூற்றுப் பன்னிரண்டு கொடிகள். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அவன் நட்டபோது கூட நின்று எண்ணியவன் நான். அவனுக்கும் அந்தக் கொடிகளுக்கும் இருந்த ஒட்டுறவைப் பற்றி ஊரில் கேலியாகப் பேசுவார்கள். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருப்பான், திடீரென்று எழுந்து, "தோட்டத்துல ஏதோ சரியில்ல" என்று கிளம்பிவிடுவான். போய்ப் பார்த்தால் கம்பி அறுந்து ஒரு பாத்தி பந்தல் சரிந்து கிடக்கும். தற்செயல் என்று நான் சொல்வேன். இப்போதும் அதைத் தற்செயல் என்றே சொல்கிறேன்.

போன வருஷம் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. தோட்டத்தில் மருந்து அடித்துக்கொண்டிருந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். தேனியில் காட்டினோம், மதுரையில் காட்டினோம். உயிர் தங்கியது, மற்றது எதுவும் தங்கவில்லை. கை, கால், பேச்சு, மூன்றும் போய்விட்டன. மூக்கில் குழாய் வைத்து அதன் வழியாகக் கஞ்சி. நாம் பேசுவது அவனுக்குக் கேட்கிறதா என்று டாக்டரைக் கேட்டேன். "கேக்கும்னு நெனச்சுப் பேசுங்க சார்" என்றார். அந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். என் மனைவி தவறி ஆறு வருஷம் ஆகிறது, பிள்ளைகள் வெளியூர், தேனி வீட்டில் சுவர்தான் துணை. அதனால் இரண்டு பையில் துணியை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்கே வந்துவிட்டேன். அவன் மனைவி ஈஸ்வரிக்கும் ஒரு ஆள் தேவையாக இருந்தது. ஆளைத் திருப்பிப் படுக்க வைப்பதற்கே இரண்டு பேர் வேண்டும்.

அப்போதுதான் கவாத்து வெட்டுகிற பருவம் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. திராட்சை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காய் பறித்த பிறகு கொடியை ஓய விட்டு, பழைய கிளைகளை எல்லாம் ஒட்ட வெட்டவேண்டும். வெட்டிய வாயிலிருந்து தண்ணீர் சொட்டும். கொடி அழுகிறது என்பார்கள். அது நல்ல சகுனம், வேர் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். சில நாளில் அழுகை நின்று கண் விழித்துத் துளிர்விடும். அந்தத் தண்ணீரை நாங்கள் சின்ன வயதில் குடித்திருக்கிறோம். சப்பென்று, கடைசியில் லேசாக இனிக்கும், இளநீரில் பாதிக்கு மேல் தண்ணீர் கலந்த மாதிரி. கண்ணில் விட்டால் குளிர்ச்சி என்று எங்கள் பக்கம் விடுவார்கள்.

கவாத்து வெட்ட மொக்கராசு வந்தான். பதினெட்டு வருஷமும் அந்தத் தோட்டத்தில் வெட்டியவன் அவன்தான். வந்தவன் கத்தரியைத் தொடாமல் வாய்க்கால் வரப்பில் உட்கார்ந்துகொண்டான்.

"மொத வெட்டு யாரு வெட்டுறது?" என்றான்.

எங்கள் பக்கம் அப்படி ஒரு பழக்கம். ஈசானி மூலையில் நிற்கிற கொடியில் முதல் வெட்டு தோட்டக்காரன் கையால் விழவேண்டும். அந்தக் கொடியை அந்தப் பருவம் முழுக்க வேறு ஆள் தொடமாட்டார்கள்.

"அவன் படுத்த படுக்கையா கெடக்கான்னு தெரியாதா உனக்கு? நான் அண்ணன்தானே, நான் வெட்டுறேன்" என்றேன்.

"நீங்க கரண்டு கணக்கெடுத்த கையி சார். கொடி ஷாக் அடிச்சுச் செத்துப் போகும்" என்று சிரித்தான். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "தப்பா நெனக்காதீக. சந்திரண்ணன் இருக்கும்போது இன்னொரு கை விழுந்தா, அவரு இல்லன்னு நாமளே சொன்னாப்புல ஆகிப்போகும்" என்றான்.

எனக்குக் கோபம். ஆனால் ஈஸ்வரி, "அவுகளையே தூக்கிட்டு வந்துருவோம் மாமா. மூணு மாசமா விட்டத்தையே பாத்துட்டுக் கெடக்காக. ஒரு தடவ பந்தலப் பாக்கட்டும்" என்றாள். மினி லாரியில் நார்க்கட்டிலோடு ஏற்றி, நான்கு பேர் பிடித்து, மூலைக் கொடிக்கு அடியில் இறக்கினோம். மேகமலைப் பக்கம் மேகம் இறங்கி நின்றது, ஆனால் எங்கள் தலைக்கு மேல் நல்ல வெயில். சந்திரன் மல்லாந்து கிடந்தான். கண் இரண்டும் திறந்து பந்தலைப் பார்த்தபடி இருந்தன. பக்கவாதம் வந்ததிலிருந்து அவனுக்கு இமை சரியாக மூடாது.

கத்தரியை அவன் கையில் வைத்து, விரல்களை மடக்கி, அதன் மேல் என் கையை வைத்து, அவன் கையை உயர்த்தி ஒரு கிளையை வெட்டினேன். நறுக்கென்று விழுந்தது. அவன் விரல்கள் துணி மாதிரி இருந்தன, அழுத்தியது முழுக்க நான்தான். ஆனால் வெட்டு விழுகிற அந்த ஒரு நொடியில் என் உள்ளங்கைக்குள் அவன் கை ஒரு தடவை இறுகியது. நம்பினால் நம்புங்கள். நரம்பு துடித்திருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வெட்டு வாயிலிருந்து தண்ணீர் உடனே சொட்டியது. நேர் கீழே அவன் முகம். முதல் சொட்டு வலது கண்ணில், அடுத்தது இடது கண்ணில். நான் கட்டிலை நகர்த்தப் போனேன்.

"இருக்கட்டும் மாமா, குளிர்ச்சிதான்" என்றாள் ஈஸ்வரி. அவள் முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் தெளிவு. "வருசா வருசம் அவுகளே விட்டுக்கிருவாகள்ல" என்றாள்.

அவ்வளவுதான் நடந்தது. வேறு மந்திரம், பூசை எதுவும் இல்லை.

அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து சந்திரன் கண்களில் நீர் வடிய ஆரம்பித்தது. அழுகை இல்லை. முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல், ஓரத்தில் திரண்டு, காதுப் பக்கம் இறங்கி, தலையணையை நனைத்துக்கொண்டே இருந்தது. தூங்கும்போதும் வடிந்தது, அதாவது தூங்குகிறான் என்று நாங்களாக நினைத்துக்கொண்ட நேரத்திலும். டாக்டர் வந்து பார்த்து, இமை மூடாததால் வருகிறது என்று சொட்டு மருந்து எழுதினார். தண்ணீருக்கு இன்னும் கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான் அந்த மருந்து.

தோட்டத்திலும் அழுகை நிற்கவில்லை. நிற்க வேண்டிய நாள் போய், அதைப் போல இரண்டு மடங்கு நாளும் போய்விட்டது. முந்நூற்றுப் பன்னிரண்டு கொடியும் சொட்டிக்கொண்டே இருந்தன, ஒன்றில்கூடக் கண் விழிக்கவில்லை. பந்தலுக்கு அடியில் நடந்தால் தூறலில் நடப்பது போல இருந்தது. மொக்கராசு வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

"ஏலே, அழுகைக்கும் ஒரு அளவு வேணாமாடா" என்று கொடியைப் பார்த்துச் சொன்னான். பிறகு என்னிடம் திரும்பி, "இப்பிடியே போனா வேரு வத்திரும் சார். நான் பாத்ததில்ல இத" என்றான்.

ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். நான் பந்தலுக்கு அடியில் நின்று, எந்தக் கொடியிலாவது மொட்டு தெரிகிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனேன். கழுத்து வலி ஒரு பக்கம், மூட்டு வலி ஒரு பக்கம். வாயைத் திறந்தபடி பார்த்திருப்பேன் போலிருக்கிறது, ஒரு சொட்டு நேராக நாக்கில் விழுந்தது.

கரித்தது.

துப்பிவிட்டு, வியர்வையாக இருக்கும் என்று உதட்டைத் துடைத்துவிட்டு, அடுத்த கொடியில் விரலை நீட்டி ஒரு சொட்டு வாங்கி வைத்தேன். கரித்தது. அதற்கடுத்ததும் கரித்தது. பன்னிரண்டு கொடிகளில் பார்த்தேன், வரிசைக்கு ஒன்றாக. எல்லாம் ஒரே உப்பு. உப்புத் தண்ணீர் கிணறு என்றால் ஒப்புக்கொள்வேன். எங்களுடையது நல்ல தண்ணீர், அதில்தான் பக்கத்து வீடுகளில் பருப்பு வேகவைக்கிறார்கள். இருந்தாலும் மறுநாளே கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். குறை ஒன்றும் இல்லை என்று வந்தது. மண்ணையும் கொடுத்தேன். அதிலும் இல்லை.

கொடியில் உப்பைக் கண்ட அன்றைக்கு மத்தியானமே வீட்டில் சந்திரன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கண்ணோரம் வழிந்ததைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு, அவனுடைய ஆஸ்பத்திரிக் காகிதங்களை எடுத்துப் புரட்டினேன். மீட்டர் அட்டைகளைப் புரட்டிப் புரட்டி விரலை நாக்கில் தொட்டுக்கொள்வது எனக்குப் பழக்கம். அந்தக் கட்டைவிரலைத்தான் தொட்டேன்.

சப்பென்று இருந்தது. கடைசியில் லேசாக இனித்தது.

எழுபது வருஷத்துக்கு முந்தின ருசி, நாக்கு மறக்குமா? காகிதங்கள் மடியிலிருந்து சரிந்து விழுந்தன. சத்தம் கேட்டு ஈஸ்வரி அடுப்படியிலிருந்து வந்தாள். விரல் இன்னும் என் உதட்டருகில்தான் இருந்தது. அவள் என் கட்டைவிரலைப் பார்த்தாள், பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"எனக்கு முன்னாடியே தெரியும் மாமா" என்றாள்.

"என்னத்தத் தெரியும்?"

"கட்டில் கால்ல ஏன் தண்ணிக் கிண்ணம் வச்சிருக்கேன்னு நீங்க கேக்கவே இல்லையே. நித்தமும் தலகாணியெல்லாம் எறும்பு. கண்ணீருக்கு எறும்பு வருமா? சீனி வியாதி இருக்கான்னு ரத்தம் எடுக்கச் சொன்னேன். இல்லன்னுட்டாக."

கிண்ணங்கள் நான்கையும் நான் முன்பே எண்ணியிருந்தேன். எதற்கு என்று மட்டும் கேட்கவில்லை.

"தற்செயலா இருக்கும் ஆத்தா" என்றேன்.

"இருக்கும்" என்றாள். வாதாடவில்லை. தலையணை உறையை மாற்றிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு அவன் உடம்பு வேகமாக இளைத்தது. குழாயில் ஊற்றுகிற கஞ்சி குறையவில்லை, ஆனால் விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம் போல ஆகிவிட்டது, நான் எண்ணினேன். கொடிகளின் தண்டும் தோல் சுருங்கித் தொங்கியது. மொக்கராசு வந்து, வெட்டு வாய்களை நீலப் பசை பூசி அடைத்துவிடலாம் என்றான். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்துச் செய்கிற பசைதான், கிளை பெரிதாக வெட்டினால் பூசுவது உண்டு. அழுகையை நிறுத்துவதற்காகப் பூசுவது இல்லை. ஆனால் வேறு வழியும் இல்லை.

நான் தயங்கினேன். தயக்கத்துக்குக் காரணம் சொல்ல முடியவில்லை. எனக்குத்தான் இதில் எல்லாம் நம்பிக்கை கிடையாதே?

ஈஸ்வரி முந்தானையை இழுத்துச் செருகினாள். "பூசிருவோம் மாமா. தண்ணி நின்னா கொடி பொழைக்கும். கொடி பொழைச்சா..." என்று நிறுத்தி, "ஒரு நாளாச்சும் கண்ண மூடித் தூங்கட்டும் அவுக" என்றாள்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு அம்மாவைச் சந்திரனுக்குக் காவல் வைத்துவிட்டு மூன்று பேரும் போனோம். ஆளுக்கு ஒரு டப்பா, ஒரு பிரஷ். நான் பூசிய கொடிகளை எண்ணிக்கொண்டேன், மற்ற இரண்டு பேர் பூசியதையும் வரிசை முடியும்போதெல்லாம் கேட்டுக் கூட்டிக்கொண்டேன். பசை பட்டதும் சொட்டு நின்றது. ஒவ்வொரு வரிசையாகத் தூறல் ஓய்ந்தது. பக்கத்துத் தோட்டத்தில் செல்போன்காரன் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்தான், அதுதான் அன்றைக்குக் கேட்ட ஒரே சத்தம். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது.

"எத்தன சார் ஆச்சு, சொல்லுங்க, நீங்கதான் கணக்குப்புலி" என்றான் மொக்கராசு.

"முந்நூத்திப் பதினொண்ணு" என்றேன். எனக்கே அது நெருடியது. "எங்கயோ ஒண்ணு விட்டுப் போச்சு. இல்ல, நான் எண்ணத் தப்பிட்டேன்."

"நீங்களா தப்புவீக?" என்று சிரித்தான்.

அப்போது ஈஸ்வரியின் போன் அடித்தது. பக்கத்து வீட்டு அம்மா. "ஆத்தா, ஒரு கண்ணு நின்னு போச்சு, சீக்கிரம் வா, எனக்குப் பயமா இருக்கு" என்று அவர் கத்தியது எங்களுக்கே கேட்டது.

ஓடினோம். நான் ஓடினேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் ஓடினேன். வீட்டு வாசலில் ஈஸ்வரியைக் கை கழுவ வைத்தேன், நானும் கழுவினேன். இதை நான் நன்றாக நினைவில் வைத்திருக்கிறேன். உள்ளே போனோம். சந்திரனின் வலது கண் மூடியிருந்தது. நான்கு மாதமாக மூடாத இமை. இமையும் இமையும் சேர்கிற கோட்டில் பீளை கட்டியிருந்தது. அது நீலமாக இருந்தது.

பசை காய்ந்தால் வருகிற அதே வெளிர் நீலம். ஈரத்துணியால் தொட்டேன், வரவில்லை. நகத்தால் சுரண்டினேன், துகளாக உதிர்ந்தது. பக்கத்து வீட்டு அம்மா, "நான் கிட்டயே போகல சாமி, நாற்காலியிலதான் இருந்தேன்" என்று அழுதார். அறையில் துணி காயப்போடுகிற கயிற்றில் ஒரு துண்டு தொங்கியது, முந்தின நாள் ஈஸ்வரி துத்தம் கரைத்தபோது கை துடைத்த துண்டு. அதை எடுத்து யாராவது அவன் முகத்தைத் துடைத்திருக்கலாம். நீங்கள் இப்படித்தான் சொல்வீர்கள். நானும் இதைத்தான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன், வாரத்துக்கு ஒரு தடவையாவது.

இடது கண் மட்டும் திறந்திருந்தது. அதில் நீர் வடிந்துகொண்டிருந்தது. மற்றபடி அவனிடம் அசைவே இல்லை. மூச்சு இருக்கிறதா என்று மூக்கின் கீழ் விரலை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். டாக்டர் வந்து நாடி பார்த்தார். கண்ணைப் பற்றிக் கேட்டேன், ஏதோ தொற்று என்றார். பிறகு என்னை வாசலுக்குக் கூட்டிப்போய், "சொந்தக்காரங்களுக்குச் சொல்லிருங்க சார். இன்னிக்கோ நாளைக்கோ" என்றார்.

நான் சொந்தக்காரர்களுக்குச் சொல்லவில்லை. பசை டப்பாவை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்பிப் போனேன். ஏன் டப்பாவை எடுத்தேன் என்று கேட்காதீர்கள். முந்நூற்றுப் பதினொன்று சரியான எண் இல்லை, அவ்வளவுதான் என் தலையில் இருந்தது.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. தேடவே வேண்டியிருக்கவில்லை. ஈசானி மூலைக் கொடி. முதல் வெட்டு விழுந்த கொடி. மொக்கராசு பழக்கப்படி அதைத் தொடவில்லை, ஈஸ்வரி பூசிக்கொள்வாள் என்று விட்டிருக்கிறான். தம்பி வெட்டியது, அண்ணன் பூசுவதுதான் முறை என்று ஈஸ்வரி எனக்கு விட்டிருக்கிறாள். நான் அந்த வரிசை ஈஸ்வரியுடையது என்று இருந்துவிட்டேன். முந்நூற்றுப் பதினொரு கொடிகள் நீலம் கட்டி ஊமையாக நின்றன. இது ஒன்று மட்டும், கட்டில் கிடந்த தடத்தின் மேல், சொட்டு, சொட்டு என்று விழுந்துகொண்டிருந்தது.

பிரஷைப் பசையில் தோய்த்தேன். கையைத் தூக்கினேன். கொடியின் வெட்டு வாய்க்கும் பிரஷுக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி இருந்தது. பூசினால் அவன் கஷ்டம் முடிந்துவிடும். பூசாவிட்டால் முடியாது. இதை நம்பாத ஒருவன் அந்த நான்கு விரல் தூரத்தைத் தாண்டியிருப்பான், கொடிக்குப் பசை பூச எதற்கு யோசனை? என்னால் தாண்ட முடியவில்லை. அன்றைக்குத்தான் தெரிந்தது, எனக்கு எதில் நம்பிக்கை இருக்கிறது என்று.

"பூசாதீக மாமா."

பின்னால் ஈஸ்வரி நின்றிருந்தாள். செருப்பு இல்லாமல் வந்திருந்தாள்.

"நீதானே ஆத்தா கண்ண மூடித் தூங்கட்டும்னு சொன்ன" என்றேன்.

"தூங்கத்தான் சொன்னேன்" என்றாள்.

சந்திரன் அன்றைக்கும் போகவில்லை, மறுநாளும் போகவில்லை. ஒரு வருஷம் ஆகப்போகிறது. வலது கண் அப்புறம் திறக்கவே இல்லை, இடது கண் வடிந்துகொண்டே இருக்கிறது. பூசிய கொடிகள் எல்லாம் துளிர்விடாமல் காய்ந்துவிட்டன, ஒடித்தால் சுள்ளி போல முறிகின்றன. ஒரு கொடி மட்டும் காயவும் இல்லை, துளிர்க்கவும் இல்லை. வெறும் தண்டாக நின்று, மழையோ வெயிலோ, சொட்டுகிறது. ஒரு வருஷம் எந்தக் கொடியாவது அழுமா? மொக்கராசு அந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டான். கேட்டால், "எனக்கு கேரளாவுல ஏலத்தோட்டத்துல வேல சார்" என்கிறான்.

ஈஸ்வரி ஒரு நாள், "போய்ப் பூசிருங்க மாமா, பாக்க முடியல" என்பாள். நான் டப்பாவைத் தேடி எடுப்பதற்குள், "வேணாம், நாளைக்குப் பாப்போம்" என்பாள். சில நாள் எங்கள் இருவரில் யார் எதைச் சொன்னோம் என்றே மாறிப்போகும். தினமும் காலையில் நான் அவன் கண்ணைக் கட்டைவிரலால் துடைத்து நாக்கில் வைத்துப் பார்க்கிறேன். இனிக்கிறது. தோட்டத்துக்குப் போய்க் கொடியிலும் ஒரு சொட்டு பார்க்கிறேன். கரிக்கிறது. போன வாரம் வரை இது மாறியதில்லை.

போன வெள்ளிக்கிழமை சின்னமனூரிலிருந்து வாழை போடுகிறவர் ஒருவர் வந்தார். காய்ந்த பந்தலை வைத்துக்கொண்டு ஈஸ்வரி என்ன செய்வாள்? நிலத்தைக் குத்தகைக்கு விடுவது என்று ஆகியிருந்தது. அந்த மூலைக் கொடியை மட்டும் விட்டுவிடவேண்டும் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். அவர் சந்திரனின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, காப்பியை ஆற்றிக்கொண்டே பேசினார்.

"கல்தூண் அம்புட்டையும் புடுங்கணும்ணே, ஜேசிபிக்கு ஒரு நா வேல. அங்கன மூலையில ஒண்ணு ஈரமா நிக்குதே, அதையும் சேத்துத்தான் எடுக்கணும். நெமட்டோடு புழு வேருல இருந்தா வாழைக்கு ஏறிரும். ஒத்தக் கொடிக்காக நான் அரை ஏக்கர விடவா?"

படுத்திருக்கிறவன் முன்னால் எல்லோரும் பேசுவது போலத்தான் பேசினார். தப்பு சொல்ல மாட்டேன். நாங்களும் ஒரு வருஷமாக அப்படித்தான் பேசியிருக்கிறோம், பூசுவதா வேண்டாமா என்று, அந்தக் கட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டு.

யோசித்துச் சொல்கிறோம் என்று அவரை அனுப்பிவிட்டு வந்து பார்த்தேன். சந்திரன் முகம் எப்போதும் போல இருந்தது, ஒரு சுருக்கம் இல்லை. ஆனால் இடது கண்ணில் நீர் வழக்கத்தைவிட அதிகமாக வழிந்து காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. துடைத்தேன். பழக்கத்தில் விரலை நாக்கில் வைத்தேன்.

கரித்தது.

மறுபடி துடைத்து மறுபடி வைத்தேன். கரித்தது. குனிந்து அவன் காதருகில், "சந்திரா" என்று கூப்பிட்டேன். ஒன்றும் இல்லை. வழிந்துகொண்டே இருந்தது. கட்டில் காலடியில் பார்த்தேன். கிண்ணத்து விளிம்பு வரை வந்திருந்த எறும்பு வரிசை திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

ஈஸ்வரியிடம் நான் இதைச் சொல்லவில்லை. ஒரு வருஷமாக அவன் காதுபட என்னென்ன பேசினோம் என்று அவள் உட்கார்ந்து நினைக்க ஆரம்பித்தால் தாங்கமாட்டாள். நான் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

வாழைக்காரர் பேசி வைத்த ஜேசிபிக்காரர் இன்றைக்குக் காலையிலிருந்து மூன்று தடவை போன் செய்துவிட்டார். எடுக்கவில்லை. அவன் கண்ணீர் அவனுக்குத் திரும்பி வந்துவிட்டது என்றால், கொடியில் இப்போது சொட்டுவது என்ன, அல்லது சொட்டுவதே நின்றுவிட்டதா? தோட்டம் இங்கிருந்து பொடிநடையாகப் போகிற தூரம்தான். போய் ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமையிலிருந்து தினமும் செருப்பைப் போடுகிறேன், வாசலில் நிற்கிறேன், கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.